கேட்டவருக்கு வழி

— அங்கேயே நில்லுங்க. ஒரு அடி கூட எடுத்து வைக்காதீங்க.

— மூச்சு விடலாமா?

— விடலாம். பேசத்தான் கூடாது.

— அப்படின்னா மூச்சையே நிறுத்திடுறேன். அது எனக்குச் சுலபம்.

— ஐயோ வாத்தியாரே, விளையாடாதீங்க. வண்டி உங்களைப் பார்த்துதான் வந்துட்டிருக்கு. முதுகுல ரேக் இருக்கு, ரேக் முழுக்கப் புத்தகம்.

— புத்தகமா? என்ன புத்தகம்?

— வருமான வரி வழிகாட்டி.

— சிவ சிவா! தமிழ் படிச்சவனுக்கு இப்படி ஒரு முடிவா? ஏம்மா என்ஜினீயரம்மா, முழங்கால் உயரம் கூட இல்ல, தட்டையா இருக்கு, இது ஒரு பீரோவையே தூக்கிட்டு வருதே!

— அதனாலதான் அதுக்கு ஆமைன்னு பேரு. குடோன்ல எல்லாருமே அப்படித்தான் கூப்பிடுவாங்க. ரேக்குக்கு அடியில புகுந்து, முதுகால தூக்கி, பொருள் எடுக்குற ஆள் முன்னால கொண்டுபோய் நிறுத்தும். முன்னெல்லாம் ஆளுங்க ரேக்கைத் தேடி நடந்து நடந்து கால் வீங்கிப் போவாங்க. இப்ப ரேக்கு ஆளைத் தேடி வருது.

— பாற்கடல் கடைஞ்சப்போ மலையை முதுகுல தாங்கினதும் ஆமைதான். பேரு வச்சவன் விவரம் தெரிஞ்சவன்.

— வச்சது நான்.

— அதான் சொன்னேன், விவரம் தெரிஞ்சவ. ஏய், நின்னுடுச்சு! என் காலுக்கு மூணு முழம் தள்ளியே நின்னுடுச்சு!

— நிக்கும். நிக்கணும். மனுஷன் குறுக்க வந்தா நிக்கணும்னு இதுக்குச் சொல்லிக் குடுக்குறதுலதான் என் பாதி ஆயுசு போயிருக்கு.

— அதைச் சோதிக்க உனக்கு வேற மனுஷனே கிடைக்கலையா? இந்த மின்னுற சட்டை வயித்துக்கிட்ட பூட்ட மாட்டேங்குது. ஷூவுக்குள்ள இரும்பு வேற. ஞாயித்துக்கிழமையும் அதுவுமா, பதிகம் பாடிட்டுப் படுக்கலாம்னு இருந்தவனை இழுத்துட்டு வந்து...

— ஞாயித்துக்கிழமைன்னுதான் ஆளில்ல. நாளைக்குக் காலையில நிர்வாகக் குழு முழுக்க இங்க வந்து நிக்கும். அதுக்குள்ள ஒரு மனுஷன் குறுக்கும் நெடுக்கும் நடந்து பார்க்கணும். திட்டினாலும் கோவிச்சுக்காத மனுஷன் எனக்கு ஒருத்தர்தானே இருக்கார்.

— இப்படிச் சொல்லிச் சொல்லியே இருபது வருஷமா என்னை மேய்க்குற. சரி, இப்ப நான் நகரலாமா?

— நகருங்க. பார்த்தீங்களா? நீங்க ஒதுங்கினதும் அதுவே கிளம்பிடும்.

— கிளம்புது. ஆனா அது என்னமோ சொல்லிச்சே?

— ‘வரேன்’னு சொல்லும்.

— போகும்போது ‘வரேன்’னா?

— அது பழைய ஆமை, நான் செஞ்சதுலயே மூத்தது. குரல் நானே பேசிப் பதிவு பண்ணினது. கிளம்பும்போது ‘வரேன்’, வந்து சேரும்போதும் ‘வரேன்’. அப்புறம் சூப்பர்வைசர் அக்கா வந்து என்னை உலுக்கி எடுத்துட்டாங்க. ‘ஏம்மா, முதுகைக் காட்டிட்டு நிக்குற என் ஆளுங்களுக்கு உன் ஆமை வருதா போகுதான்னு எப்படிம்மா தெரியும்?’னு கேட்டாங்க.

— நியாயமான கேள்விதான். ‘போறேன்’னு சொல்லி வச்சிருக்கலாமே?

— வாய் வரலீங்க. மைக் முன்னால நின்னு திரும்பத் திரும்ப முயற்சி பண்ணேன். ‘போ’ வரைக்கும் வருது, மேல நாக்கு புரளல. எங்கம்மா மட்டும் பக்கத்துல இருந்திருந்தா வாய்மேலயே போட்டிருப்பாங்க.

— அது உன் குத்தமில்ல. இலக்கணத்துல அதுக்கு மங்கல வழக்குன்னு பேரு. நம்ம மொழியில யாருமே போறதில்ல, எல்லாரும் வந்துட்டேதான் இருக்காங்க.

— மங்கல வழக்கு பேசி ஒருத்தர் கால் நசுங்கினா? அதனால புது ஆமைக்கெல்லாம் வெறும் மணிச்சத்தம் வச்சுட்டேன். இது ஒண்ணுக்கு மட்டும் மாத்த மனசு வரல. சரி, வாங்க, ஏழாவது சந்துக்குப் போகலாம். என் தலைவலியே அங்கதான் இருக்கு.

— ரெண்டு பக்கமும் ரேக்கு, நடுவுல ஒரு கோடு. சந்துன்னு சரியாத்தான் சொல்ற. அடடே, இங்க என்ன சண்டை? ரெண்டு ஆமை நேருக்கு நேர் நின்னு முறைச்சுக்கிட்டு இருக்கே! ஒண்ணு நம்ம மூத்தது.

— முறைச்சாக் கூடப் பரவாயில்ல. மரியாதை பண்ணிக்குதுங்க.

— என்னது?

— ரெண்டுமே ‘நீங்க முதல்ல’ன்னு நிக்குது. அது ஒதுங்கட்டும்னு இது நிக்கல. அது போகட்டும்னு இது நிக்குது, இது போகட்டும்னு அது நிக்குது. நான் கை வச்சுத் தள்ளுற வரைக்கும் இப்படியேதான் இருக்கும். பின்னால வர்றதெல்லாம் வரிசை கட்டி நிக்கும். நாளைக்கு அவங்க முன்னால இப்படி நின்னா, இந்தக் குடோனோட இந்த வேலையையே மூட்டை கட்டிடுவாங்க.

— இவ்வளவு அடக்கம் இதுங்களுக்கு எங்கிருந்து வந்தது?

— எங்கிட்ட இருந்துதான். விதி நான் எழுதினது.

— என்ன விதி?

— ஒவ்வொரு வேலைக்கும் ஒரு அவசரம் உண்டு. ரெண்டு ஆமை சந்துல எதிரெதிரா வந்துட்டா, எதிர்ல வர்றவன் அவசரம் எவ்வளவோ, அதுக்கு மேல ஒரு படி கூடன்னு வச்சுக்கணும். வச்சுக்கிட்டு, யாரு குறைச்சலோ அவங்க வழி விடணும். இத்தனை நாள் சிக்கல் வரல, ஏன்னா அவசரம் எப்பவும் ஏத்த இறக்கமா இருந்துச்சு. நாளைக்குக் காட்டுறதுக்காக எல்லாத்துக்கும் ஒரே அவசரம் குடுத்தேன். இப்ப ரெண்டும் சமம். ரெண்டும் எதிராளியை ஒரு படி தூக்கி வைக்குது. அப்ப ரெண்டுமே வழி விடும், ரெண்டுமே போகாது.

— இரு, இரு. ‘எதிர்ல வர்றவன் அவசரம் ஒரு படி கூட.’ இதை நான் எங்கேயோ கேட்டிருக்கேனே?

— நீங்கதான் சொன்னீங்க.

— நானா?

— மாடிப்படியில. மறந்துட்டீங்களா? நான் கீழ் வீட்டுல குடியிருந்தேன், நீங்க மேல. படி இந்தச் சந்து அகலம் கூட இருக்காது. நான் மொட்டைமாடியில ஓட்டிப் பார்க்க ஒரு பெட்டி நிறைய சக்கரமும் மோட்டாரும் தூக்கிட்டு ஏறுறேன், நீங்க பள்ளிக்கூடத்துக்கு இறங்குறீங்க. ‘நீங்க முதல்ல’ன்னேன். ‘இல்ல, நீங்க முதல்ல’ன்னீங்க. பாதிப் படியில நிக்குறோம். உங்களுக்கு மணி அடிச்சிருக்கும், எனக்குக் கை கடுக்குது. ‘ஏங்க, உங்களுக்கு வேலைக்கு நேரமாகலையா’ன்னு கேட்டேன். அதுக்கு நீங்க, ‘எதிர்ல வர்றவங்க அவசரம் நம்ம அவசரத்தை விட ஒரு படி கூடன்னு வச்சுக்கிட்டா உலகத்துல சண்டையே இல்லைங்க’ன்னு பிரசங்கம் பண்ணீங்க.

— ஆமா! அப்புறம் உன் பெட்டி அடியில பிச்சுக்கிட்டு சக்கரமெல்லாம் படி இறங்கி ஓடிச்சு!

— நீங்க வேட்டியை மடிச்சுக் கட்டிட்டுத் தெருவரைக்கும் துரத்திட்டுப் போனீங்க. அன்னைக்கே எங்க வீட்டுல தெரிஞ்சு போச்சு.

— அந்தப் பிரசங்கத்தை நீ எழுதியா வச்ச?

— அப்ப எழுதல. பின்னால ஒரு நாள் ரெண்டு ஆமை ‘நான்தான் முதல்ல’ன்னு மோதிக்கிச்சு. ஞாபகம் இருக்கா, அன்னைக்கு வீட்டுக்கு வந்து சாப்பிடாமப் படுத்தேனே. ரேக்கு சாஞ்சு செருப்பு டப்பா மழையாக் கொட்டுச்சு. கீழ யாராவது நின்னிருந்தா என்ன ஆயிருக்கும்? மறுநாள் உக்காந்து இந்த விதியை எழுதினேன். அதுக்கப்புறம் ஒரு மோதல் கிடையாது.

— நல்ல விதிதானே?

— படியில ரெண்டு பேருக்கு நல்ல விதி. குடோனுக்கு அது மட்டும் போதாது போல.

— நான் ஒண்ணு சொல்லட்டுமா? தமிழ் வாத்தியாராத்தான் சொல்வேன்.

— சொல்லுங்க, வேற எப்படிச் சொல்வீங்க.

— உன் ஆமைங்களுக்கு முன்னிலை தெரியும், படர்க்கை தெரியும். ‘நீங்க’ தெரியும், ‘அவங்க’ தெரியும். தன்மை ஒருமை மட்டும் தெரியல. ‘எனக்கு’ன்னு ஒரு சொல் இதுங்க அகராதியிலேயே இல்ல.

— ‘எனக்கு’ன்னு சொன்னாத்தான் செருப்பு மழை பெய்ஞ்சுதே.

— அது ‘எனக்குத்தான்’. அந்தத் ‘தான்’ பொல்லாதது. ‘எனக்கு வேணும்’னு வாய் விட்டுக் கேக்குறது வேற.

— கேக்குறது... இருங்க. இருங்க, பேசாதீங்க. இதுங்க கேக்குறதே இல்லையே! ஒண்ணையொண்ணு பார்த்து, மனசுக்குள்ளயே கணக்குப் போட்டுட்டு நிக்குதுங்க. சமமா இருந்தா, முதல்ல யாரு வாய் திறந்து ‘வழி வேணும்’னு கேக்குதோ, அதுக்கு வழி. கேட்டப்புறம் எதிராளி மறுபேச்சுப் பேசக் கூடாது. கேட்டவருக்கு வழி!

— ரெண்டும் ஒரே நேரத்துல கேட்டா?

— கேக்காது. ஒவ்வொண்ணும் கேக்குறதுக்கு முன்னால அதது இஷ்டத்துக்குக் கொஞ்சம் யோசிக்கும்படி வச்சுடலாம். ஒண்ணு சட்டுன்னு கேக்கும், ஒண்ணு மெதுவாக் கேக்கும். கையில அந்த டேப்லெட்டைக் குடுங்க. அப்படியே அந்த ஸ்டூலையும் இழுத்துப் போடுங்க.

— தட்டு, தட்டு. உன் விரல் இப்படி ஓடும்போது பார்த்துட்டே இருக்கலாம். முதல் வேலைக்குச் சேர்ந்தப்போ உன்னைப் ‘பாப்பா’ன்னு கூப்பிட்டாங்களே, அவங்கள்ல ஒருத்தராவது இப்ப வந்து பார்க்கணும்.

— பாப்பான்னாக் கூடப் பரவாயில்ல. பேட்டரி மூடியைத் திறந்தா, ‘கை வைக்காதம்மா, ஷாக் அடிக்கும்’னுவாங்க. அந்த பேட்டரியைத் தேர்ந்தெடுத்ததே நான். என் தலை அளவுக்கு ஹெல்மெட் கிடையாது, துண்டைச் சுத்தி மேல கவுத்துப்பேன். ம்... ஆச்சு. சந்தை விட்டு ஒதுங்குங்க.

— ஒதுங்கிட்டேன். ஒண்ணும் நடக்கலையே?

— யோசிக்குது.

— அடியே, கிளம்பிடுச்சு! மூத்தது போகுது, சின்னது பின்வாங்கி வழி விடுது! போற போக்குல ‘வரேன்’னு வேற சொல்லிட்டுப் போகுது பாரு. என்ன மரியாதை, என்ன மரியாதை!

— அப்பாடா. இன்னொரு தடவை பார்க்கலாம். அதோ அந்த ரெண்டும் வருது... கேட்டுச்சு. விட்டுச்சு. வாத்தியாரே, பிரமாதம்!

— கண்ணைத் துடைச்சுக்கோ.

— குடோன் தூசி.

— தூசி நல்லா இருக்கட்டும். தூசி இருக்கும்போதே நான் ஒண்ணு கேக்குறேன். எங்கிட்ட நீ சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?

— என்ன இருக்கு? ஒண்ணுமில்ல.

— ‘மேடம், நான் யோசிச்சுச் சொல்றேன்’னு தூக்கத்துல பேசினியே.

— நானா?

— அதோட நிக்கல. ‘ஏழு குடோனா’ன்னு கேட்ட. ‘கடல் தாண்டியா’ன்னு கேட்ட. அப்புறம் என் போர்வையை இழுத்துட்ட.

— அப்ப உங்களுக்கு முன்னாடியே தெரியுமா? தெரிஞ்சுமா இத்தனை நாள் வாயைத் திறக்கல?

— நீ சொல்லட்டும்னு காத்திருந்தேன்.

— நீங்க ‘போ’ன்னு சொல்லட்டும்னு நான் காத்திருந்தேன்! எந்தப் பேச்சை எடுத்தாலும் அங்க கொண்டு வர எவ்வளவு பாடுபட்டேன் தெரியுமா? ‘எனக்கு வேலை கத்துக் குடுத்த மேடம் இப்ப கடல் தாண்டிப் பெரிய ஆபீசுக்கே தலைமையாம்’னேன். நீங்க ‘நல்லா இருக்கட்டும்’னு சொல்லிட்டு சட்டைக்கு இஸ்திரி போடப் போயிட்டீங்க.

— நான் ‘போ’ன்னு சொன்னா, துரத்துறான்னு நினைப்ப. ‘போகாத’ன்னு சொன்னா, கால்ல விலங்கு மாட்டின மாதிரி ஆயிடும். அதான் வாயை மூடிட்டு உன் முகத்தையே பார்த்துட்டிருந்தேன்.

— நானும் உங்க முகத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன்.

— பார்த்தியா? ஏழாவது சந்து.

— ஐயோ, ஆமாங்க!

— சிரிக்காத. சிரிச்சா உனக்கு விக்கல் வரும்.

— சிரிக்கலீங்க.

— சரி, இப்ப கேளு. உன் விதி, உன் வாய். தன்மை ஒருமையில கேளு. ‘நாம’ வேண்டாம், ‘பார்க்கலாம்’ வேண்டாம், ‘உங்களுக்குச் சரின்னா’ வேண்டவே வேண்டாம்.

— எனக்கு...

— ம்.

— எனக்கு அந்த வேலை வேணும். ஏழு குடோனுக்கும் ஒரே ஆளா நின்னு விதி எழுதணும். எங்கேயும் ஒருத்தர் காலும் நசுங்காம, ஒரு பொம்பளையும் துண்டைச் சுத்தி ஹெல்மெட் போடாம. எனக்கு வேணும். ரொம்ப வேணும்.

— கேட்டவருக்கு வழி. மறுபேச்சு இல்ல. நானும் கூட வரேன்.

— நீங்க எப்படி வர முடியும்? உங்க பள்ளிக்கூடம்?

— இந்த வருஷப் பாடம் முடிஞ்சதும் கிளம்புறேன்னு தலைமையாசிரியர்கிட்டச் சொல்லிட்டேன்.

— என்னது? எப்ப?

— நீ போர்வையை இழுத்த மறுநாள்.

— அடப்பாவி மனுஷா! என்னைக் கேக்காமலா? சாயங்காலம் உங்ககூடப் பதிகம் பாட வர்ற கூட்டம்? அவங்க இல்லாம உங்களுக்குப் பொழுது போகுமா?

— தெய்வம் கடலுக்கு இந்தப் பக்கம் மட்டும்தான் இருக்கா? அங்கேயும் பிள்ளைங்களுக்குத் தமிழ் வேணும். யாரும் வரலைன்னா உன் ஆமைங்களை உக்கார வச்சுத் தன்மை ஒருமை நடத்துறேன். ஏன் முகம் இப்படிப் போச்சு? ஏம்மா?

— நீங்க அங்க கிளம்பிட்டீங்க. நான்... நேத்தே வேண்டாம்னு சொல்லிட்டேன்.

— என்ன சொன்ன?

— மேடம்கிட்ட. வேண்டாம்னு. உங்க பள்ளிக்கூடம், உங்க கூட்டம், எல்லாத்தையும் நினைச்சேன். உங்க அவசரம் ஒரு படி கூடன்னு வச்சுக்கிட்டேன்.

— சிவ சிவா.

— ரெண்டு பேரும் வழி விட்டுட்டோம். சந்துல இப்ப யாருமே இல்ல.

— அழாத. எப்படிச் சொன்ன? வார்த்தை வார்த்தையாச் சொல்லு.

— வெளிய லோடு இறக்குற இடத்துல நின்னுட்டிருந்தேன். உள்ள பேசினா அழுதுடுவேன்னு பயம். லாரிக்காரன் பின்னால எடுத்துட்டு ஹாரனை விடாம அடிக்குறான். ‘இல்ல மேடம், என்னால முடியாது, மன்னிச்சுக்கோங்க, வேற யாரையாவது பாருங்க’ன்னு கத்திச் சொன்னேன். சொல்லிட்டு, எப்பவும் போல விடை வாங்கிட்டு வச்சுட்டேன்.

— அவங்க என்ன சொன்னாங்க?

— அதான் நெஞ்சுல முள்ளாக் குத்துது. ‘ரொம்ப சந்தோஷம்’னாங்க. இத்தனை வருஷம் என்னை வளர்த்தவங்க. ‘ஏன்’னு ஒரு வார்த்தை கேக்கல, ‘யோசிச்சுப் பாரேன்’னு கெஞ்சல. சந்தோஷமாம்! நான் தொலைஞ்சதுல அப்படி என்ன சந்தோஷம்?

— ஃபோனை எடு.

— இப்பவா? ஞாயித்துக்கிழமை அவங்களைப் போய்...

— எடு. உன் சின்ன ஆமை கூட இவ்வளவு யோசிக்கல. எல்லாரும் கேக்குற மாதிரி ஸ்பீக்கர்ல போடு.

— அடிக்குது. கையைப் பிடிச்சுக்கோங்க... ஹலோ, மேடம்?

— சொல்லு கண்ணு, சொல்லு சொல்லு. ஆமையெல்லாம் நடக்குதா? நாளைக்கு மானத்தை வாங்காதே.

— நடக்குது மேடம். மேடம், நான் ஒண்ணு கேக்கணும். எனக்கு அந்த வேலை வேணும்.

— சரி.

— இல்ல மேடம், நான் கேக்குறேன். நானேதான் கேக்குறேன். இன்னும் யாருக்கும் குடுக்கலைன்னா, நேத்து நான் வேண்டாம்னு சொன்னதை மறந்துடுங்க.

— என்ன ‘வேண்டாம்’? யாரு சொன்னா? நேத்து நீ பேசினதுல பாதி லாரி, மீதி ஹாரன். ‘கேக்கல கண்ணு, கேக்கல கண்ணு’ன்னு இங்க தொண்டை கிழியக் கத்தினேன், உனக்கும் கேக்கல போல. வச்சுடலாம்னு பார்த்தேன். அப்பதான் கடைசியா ஒரே ஒரு வார்த்தை தெளிவா வந்து விழுந்துச்சு, எனக்கும் உயிர் வந்துச்சு. நேத்தே உன் பேரை எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு. நீயேதானே சொன்ன, ‘வரேன் மேடம்’னு?